எத்தனை பேருக்கு

வட இத்தாலியில் எங்கள் சின்ன ஊர் சவில்யானோவில் கறிக்கடைக்காரரிடம் பொய் சொல்லிப் பிழைத்தவர் யாருமில்லை. டாக்டரிடம் சொல்லலாம். பாதிரியாரிடம் சொல்லலாம், அவர் பாவமன்னிப்புக் கூண்டுக்குள் பாதித் தூக்கத்தில் இருப்பார். கறிக்கடை ஃபிர்மினோவிடம் நடக்காது. கத்தியைக் கையில் எடுப்பதற்கு முன் அவர் இரண்டு கேள்விகள் கேட்பார்: என்ன சமைக்கப் போகிறீர்கள், எத்தனை பேருக்கு? இரண்டுக்கும் பதில் வந்தால்தான் கத்தி கறியில் இறங்கும். தப்பான துண்டைக் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை யாரோ ஒருவர் வீட்டு மேசையில் தன் பெயர் கெடுவதை அவரால் தாங்க முடியாது. அதனால் கேட்கிறார். கேள்வியில் குற்றமில்லை. பின்னால் வரிசையில் நிற்கிற காதுகளில்தான் குற்றம்.

இந்த இரண்டு கேள்விகளை வைத்தே அவர் ஊரின் நாடியைப் பிடித்துவிடுவார். பச்சையாகவே எலுமிச்சை பிழிந்து சாப்பிடும் கொத்துக்கறியை எந்த வீட்டு மருமகள் திடீரென்று நிறுத்துகிறாளோ, அந்த வீட்டில் குழந்தை வரப்போகிறது என்பது புருஷனுக்கு முன்பே அவருக்குத் தெரியும். நான்கு பேருக்கு வாங்கியவள் மூன்று பேருக்கு வாங்கினால் மகன் மிலானில் வேலைக்குப் போய்விட்டான். இரண்டு பேர் என்பது ஒருவராகிற நாளில் மட்டும் வரிசையே சற்று நேரம் வாயை மூடிக்கொள்ளும்.

மரிலேனாவுக்காக வரிசை அப்படி வாயை மூடி ஆறு வருடமாகிறது. கணவன் ரென்ஸோ இறந்த பிறகு முதன்முதலாகக் கடைக்குப் போன சனிக்கிழமை, பழக்க தோஷத்தில் "எத்தனை பேருக்கு?" என்று கேட்டுவிட்டு ஃபிர்மினோ நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஒருத்தருக்கு" என்றாள் அவள். அன்றைக்கு அவர் கொடுத்த துண்டு இரண்டு பேர் சாப்பிடும் அளவுக்கு இருந்தது. அதற்கடுத்த வாரத்திலிருந்து அளவு சரியாகிவிட்டது. துக்கத்துக்கும் ஒரு வாரம்தான் தவணை.

மரிலேனா மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். வயது ஐம்பத்தேழு. போன இலையுதிர் காலத்தில் பக்கத்து ஊர் சலுட்ஸோவிலிருந்து ஒரு சர்வேயர் கண்ணாடி வாங்க வந்தார். பெயர் லிவியோ அலெமானோ. மனைவி இறந்தபின் பினெரோலோவில் இருந்த வீட்டை விட்டுவிட்டு நான்கு வருடமாகச் சலுட்ஸோவில் தனியாக இருக்கிறேன் என்று, யாரும் கேட்காமலே சொன்னார். கண்ணாடி வாங்கிய பத்தாம் நாள் திருகு தளர்ந்துவிட்டது என்று வந்தார். மறுபடி தளர்ந்தது என்று வந்தார். மூன்றாவது முறை வந்தபோது மரிலேனா திருகைப் பார்த்தாள், அது இரும்பாக இறுகியிருந்தது. "இத நீங்களே கழட்டிட்டு வந்திருந்தா நல்லா இருந்திருக்கும், சர்வேயர். இப்போ நான் எதை முடுக்கறது?" என்றாள். அவர் சிரித்தார். அப்படித்தான் ஆரம்பித்தது.

எட்டு மாதம் அவர்கள் டூரினில் சந்தித்தார்கள், கூனேயோவில் சந்தித்தார்கள், ஆற்றங்கரையில் நடந்தார்கள். சவில்யானோவில் மட்டும் சந்திக்கவில்லை. காரணம், கீழ்த் தளம். மரிலேனா குடியிருக்கும் வீட்டின் கீழ்த் தளத்தில் இர்மா இருக்கிறாள், ரென்ஸோவின் அக்கா, கல்யாணம் செய்துகொள்ளாதவள். சனிக்கிழமை தவறாமல் தம்பியின் கல்லறைக்குப் பூ வைக்கப் போவாள். நேரே அங்கிருந்து கறிக்கடைக்கு. எதிர்வீட்டு விதவை ஒருத்தி இரண்டு வருடத்தில் மறுமணம் செய்துகொண்டபோது, "குழி மேல மண்ணு காயறதுக்குள்ள" என்று இர்மா சொன்ன ஒரு வரி இன்றைக்கும் ஊரில் புழங்குகிறது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். மரிலேனாவுக்கு ஊர் வாய் பெரிதாகப் படவில்லை. கீழ்த் தளத்து வாய்தான் பயம்.

ஆனாலும் ஜூன் மாதம் பிறந்ததும் அவளுக்கே வெறுத்துப்போனது. சிற்றுண்டிச்சாலை மேசைகளில் எத்தனை நாள் முழங்கையை ஊன்றிக்கொண்டிருப்பது? தன் வீட்டில், தன் தட்டில், தன் கையால் ஒரு வேளை சோறு போட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. "ஞாயித்துக்கிழமை மதியம் வாங்க" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் மெனு. வெயில் காலம், முதல் விருந்து, எங்கள் பக்கத்து ஆள். வேறு யோசனைக்கே இடமில்லை: வித்தெல் தொன்னே. கன்றுக்கறியை வைன் விட்டு வேகவைத்து, ஆறவைத்து, மெல்லிசாகச் சீவி, சூரை மீனும் நெத்திலியும் அரைத்த சாற்றைப் போர்த்திக் குளிரக் குளிரச் சாப்பிடுவது.

இங்கேதான் சிக்கல். அதற்குத் தொடைக்குள்ளிருந்து எடுக்கிற உருளைத் துண்டுதான் வேண்டும். அதை ஃபிர்மினோவிடம் கேட்டால் அவர் இரண்டாவது கேள்வியைக் கேட்பார். ஒருவருக்கு என்று சொல்ல முடியாது, தனியாளாக உட்கார்ந்து சாப்பிட யாரும் வித்தெல் தொன்னே செய்வதில்லை. எனக்கும் இர்மாவுக்கும் என்று சொல்லலாம். மூன்றே பேர் தள்ளி வரிசையில் நிற்கிற இர்மா, "எனக்கா? எனக்கு யாரும் சொல்லலியே" என்பாள். பேரங்காடியில் பிளாஸ்டிக் தட்டில் வியர்த்துக் கிடக்கும் கறியை வாங்கலாம்தான். அதற்குப் பதில் விருந்தாளிக்கு மத்தி டின்னைத் திறந்து வைத்துவிடலாம், மரியாதையாவது மிஞ்சும்.

எனவே அவள் வேறு ஊருக்குப் போவதென்று முடிவு செய்தாள். ஃபொசானோவில் ரென்ஸோவின் சித்தப்பா பிள்ளைகள் இருக்கிறார்கள். கூனேயோ தூரம், வெயிலில் கறி தாங்காது. மிச்சம் சலுட்ஸோ. அங்கே அவளை அறிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் சனிக்கிழமை காலையில் எங்கோ மலைப்பக்கம் நிலம் அளக்கப் போவதாகச் சொல்லியிருந்தார். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்றால் இதுதான், ஆனால் அந்த நேரத்தில் அது அவளுக்குப் பெரிய சாமர்த்தியமாகத் தோன்றியது.

தூண் வரிசைக்குக் கீழே சுத்தமான ஒரு கடை. நல்ல கூட்டம். கல்லாவில் நோர்மா என்று பெயர் எழுதியிருந்தது. கடைக்காரியே வெட்டினாள். தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஒரே பருமனான கைகள், காதில் சின்ன முத்து.

"என்ன செய்யப் போறீங்க, சிஞ்ஞோரா?"

"வித்தெல் தொன்னே."

"எத்தனை பேருக்கு?"

"ரெண்டு பேருக்கு" என்றாள் மரிலேனா.

சொன்னதும் அவளுக்குள் ஏதோ ஒன்று கட்டவிழ்ந்தது. ஆறு வருடமாகச் சொல்லாத வார்த்தை. யாருக்கும் தெரியாத ஊரில் சொல்லியாகிவிட்டது, வானம் இடிந்து விழவில்லை. இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எட்டு மாதமாக வாயைக் கட்டியவளுக்கு வாய் நிற்குமா? "ஒருத்தர் சாப்பிட வர்றார். முதல் தடவையா" என்றாள், யாரும் கேட்காமலே.

வரிசை உயிர்பெற்றது. பச்சைத் தொப்பி போட்ட ஒரு கிழவி முன்னால் வந்தாள். "முதல் தடவையா? அப்போ மயோனேஸ் மட்டும் போட்டுத் தொலைச்சிடாதீங்க. மயோனேஸ் போட்டா ரெண்டாந்தடவை வரமாட்டார்."

"வெந்த மஞ்சக்கருதான் சிஞ்ஞோரா. எங்க வீட்ல மயோனேஸ் வாசப்படி ஏறினதில்ல."

"அவருக்கு வயசென்ன?" என்று நோர்மா துண்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அறுபத்திரண்டு. ஏன்?"

"சீவற கனம் சொல்லணும்ல. பல்லெல்லாம் சொந்தமா?"

"பார்த்த வரைக்கும் சொந்தம்தான்."

"எவ்வளவு கிட்டத்துல பார்த்தீங்க?" என்று கிழவி கேட்டாள். கடை முழுக்கச் சிரித்தது. மரிலேனாவும் காது சிவக்கச் சிரித்தாள். இப்படி ஒரு கடையில் நின்று தன்னைப் பற்றியே மற்றவர்கள் கேலி பேசி எத்தனை காலமாகிவிட்டது என்று நினைத்தாள். சந்தோஷமாக இருந்தது.

நோர்மா உருளைத் துண்டை நூல் கட்டி, தாளில் சுற்றினாள். பிறகு பக்கத்திலிருந்த இன்னொரு கறியை இழுத்துத் தட்ட ஆரம்பித்தாள். "அப்படியே அந்த சர்வேயரோட பொட்டலத்தையும் கட்டிடறேன். பன்னெண்டு மணிக்கு மலையிலேர்ந்து இறங்கி வந்து நிப்பார்."

"யாரு, அலெமானோவா?" என்றாள் கிழவி. "இந்த வாரமும் ரெண்டு பேருக்குத்தானா?"

"எப்பவும் ரெண்டு பேருக்குத்தான். இவருக்கு நாலு தட்டு தட்டினா போதும். அந்தம்மாவுக்குத்தான் காகிதம் மாதிரி இருக்கணும். கொழுப்பு ஒரு நூல் தெரிஞ்சாலும் தொடாதாம்."

"நாலு வருஷமாச்சு, அந்தம்மாவ இந்தத் தெருவுல ஒரு கண்ணு பாத்ததில்ல."

"நடமாட்டம் இல்லையோ என்னவோ. ஆனா என்ன அனுசரணைங்கறீங்க! வாராவாரம் அவளுக்கு இது பிடிக்கும், இது ஒத்துக்காதுன்னு பாத்துப் பாத்து வாங்கறார். என் வீட்டுக்காரருக்கு நான் கறி திங்கறவளா புல்லு திங்கறவளான்னே தெரியாது."

வரிசை மறுபடி சிரித்தது. மரிலேனா பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். காரில் உட்கார்ந்தாள். சாவி போடவில்லை. சலுட்ஸோவில் ஆயிரம் அலெமானோ இருக்கலாம். சர்வேயர் அலெமானோ எத்தனை பேர் இருப்பார்கள்? நான்கு வருடத்துக்கு முன் குடிவந்த, சனிக்கிழமை மலையில் நிலம் அளக்கிற சர்வேயர் அலெமானோ? அவள் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ள இரண்டு நிமிடம் முயன்றாள். பிறகு விட்டுவிட்டாள். தனியாக இருக்கிறேன் என்றாரே என்று நினைத்தபோது முதலில் கோபம்கூட வரவில்லை, அசிங்கமாக இருந்தது. வீட்டில் ஒருத்திக்குக் கொழுப்பில்லாத கறி, வெளியே ஒருத்தியோடு ஆற்றங்கரை நடை. நாளைக்கு அந்த ஆளுக்குச் சமைத்துப் போட வேண்டும்.

போன் செய்து வராதீர்கள் என்று சொல்லியிருக்கலாம்தான். ஆனால் கறி அற்புதமான கறி. ரோஜா நிறத்தில், ஈரமில்லாமல், தொட்டால் திரும்ப எழும்பியது. மனிதன் செய்த குற்றத்துக்குக் கன்றுக்குட்டியைத் தண்டிப்பது எங்கள் ஊர் வழக்கமில்லை. நேருக்கு நேர் உட்காரவைத்துக் கேட்டுவிட்டுத்தான் அனுப்புவது என்று தீர்மானித்து, அவள் பாத்திரத்தை எடுத்தாள்.

வெங்காயம், செலரி, கேரட், இரண்டு கிராம்பு, ஒரு பிரிஞ்சி இலை, அரை பாட்டில் வெள்ளை வைன், மிச்சம் தண்ணீர். தண்ணீர் கொதிக்கக் கூடாது, லேசாக நடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அவளுடைய மனநிலையில் அடுப்பை முழுக்கத் திருகிவிடத்தான் கை போனது. திருகவில்லை. பக்கத்திலேயே நின்று நுரையை எடுத்தாள். வெந்த பிறகும் வெளியே எடுக்கக் கூடாது, தன் சாற்றுக்குள்ளேயே கிடந்து ஆற வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டோடு எடுத்தால் மரக்கட்டையாகிவிடும்.

அது ஆறிக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. இர்மா.

"என்ன வாசனை இது, படிக்கட்டெல்லாம்?"

"சூப்பு."

"ஜூன் மாசத்துல சூப்பு? கிராம்பு போட்டு?"

"வயிறு சரியில்ல."

இர்மா அவள் தோளுக்கு மேலாக அடுப்பை எட்டிப் பார்த்தாள். மூடி போட்டிருந்தது. "காலைல கடைல உன்ன காணோமே. ஃபிர்மினோ கூட கேட்டார்."

"அதான் சொன்னேனே. வயிறு."

"வைன் வாசனை வருது" என்றாள் இர்மா. பதிலுக்குக் காத்திருக்காமல் படியிறங்கிப் போனாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை என்று மரிலேனாவுக்கே தெரிந்தது. சாயந்திரம் வேகவைத்த மஞ்சள் கரு, சூரை, நெத்திலி, உப்பு கழுவிய கேப்பர் மொட்டுகள், ஆலிவ் எண்ணெய், கறி வெந்த சாறு இரண்டு கரண்டி எல்லாம் சேர்த்து அரைத்தாள். கறியைச் சீவினாள். கோபத்தில் சீவியதாலோ என்னவோ, காகிதம் போல வந்தது.

ஞாயிற்றுக்கிழமை இர்மா பூசையில் இருக்கிற நேரம் பார்த்து வரச் சொல்லியிருந்தாள். முன் வாசல் வேண்டாம், முற்றத்துப் பக்கம் சின்னக் கதவு திறந்திருக்கும் என்றும் சொல்லியிருந்தாள். லிவியோ அப்படியே வந்தார். சட்டைக் காலர் புதிது. கையில் மிட்டாய்க் கடைப் பொட்டலம், ரிப்பன் கட்டி. படியில் சத்தம் வராமல் ஏறினார். திருடனைப் போல என்று எழுதலாம், ஆனால் திருடர்கள் கேக் வாங்கிக்கொண்டு வருவதில்லை.

அவரை உட்காரச் சொன்னாள். இருந்த இரண்டு நாற்காலிகளில் ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கீழே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. இர்மா பூசையிலிருந்து திரும்பி வானொலியைப் போட்டாள். மரிலேனா குரலைத் தாழ்த்திக்கொண்டு தட்டை வைத்தாள்.

அவர் ஒரு வாய் சாப்பிட்டார். கண்ணை மூடினார். "இது கறியா வெண்ணெயா?" என்றார். "அந்த ஃபிர்மினோவுக்குக் கோயில் கட்டலாம்."

"ஃபிர்மினோ இல்ல. நோர்மா கடைல வாங்கினேன்."

"எந்த நோர்மா?"

"சலுட்ஸோவுல, தூண் வரிசைக்குக் கீழ. சனிக்கிழமை பன்னெண்டு மணிக்கு சர்வேயர் ஒருத்தர் வந்து ரெண்டு பேருக்குக் கறி வாங்கிட்டுப் போவாராமே, அந்தக் கடைல."

முள்கரண்டி பாதி வழியில் நின்றது. அவருடைய கழுத்திலிருந்து சிவப்பு ஏறி நெற்றி வரை போனது.

"யாரு அந்தம்மா?" என்றாள் மரிலேனா. "கொழுப்பு தொடாதவங்க."

"அப்படி யாரும் இல்ல."

"நாலு வருஷமா ரெண்டு பேருக்கு வாங்கறீங்க."

"ரெண்டையும் நான்தான் திங்கறேன்" என்றார் லிவியோ.

கீழே வானொலியில் யாரோ வானிலை சொன்னார்கள். அவர் கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"சலுட்ஸோவுக்கு வந்த முதல் வாரம் அந்தக் கடைக்குப் போனேன். எத்தனை பேருக்குன்னு கேட்டா. வாய் தானா ரெண்டுன்னு சொல்லிடுச்சு. முப்பது வருஷப் பழக்கம். அடுத்த வாரம் ஒண்ணுன்னு சொல்லலாம்னுதான் போனேன். பின்னாடி ஏழெட்டு பேர் நிக்கறாங்க. போன வாரம் ரெண்டு, இந்த வாரம் ஒண்ணுன்னா என்ன நினைப்பாங்க? மறுபடி ரெண்டுன்னேன். அவ அப்புறம் அந்தம்மாவுக்கு எப்படிப் பிடிக்கும்னு கேக்க ஆரம்பிச்சா. ஏதோ ஒண்ணு சொன்னேன். சொல்லச் சொல்ல அது வளந்துடுச்சு." அவர் மூச்சு விட்டார். "மெல்லிசா இருக்கறத ஞாயித்துக்கிழமை ராத்திரி ஆறிப்போனதும் எலுமிச்சை பிழிஞ்சு சாப்பிடுவேன். நல்லாத்தான் இருக்கும்."

மரிலேனா அவரையே பார்த்தாள். கண்ணாடிக் கடையில் இத்தனை வருடம் நின்றவள் அவள். எழுத்துப் பலகையில் தெரியாத எழுத்தைத் தெரிந்ததாகச் சொல்கிறவர்கள் படபடவென்று சொல்வார்கள். தெரிகிறவர்தான் தயங்குவார், தெரிவது இதுதானா என்று தனக்குள் சரிபார்த்துக்கொள்வார். இவர் தயங்கித்தான் சொன்னார். நம்பிவிட்டாள். நம்பிய உடனே சிரிப்பு வந்தது. நேற்று முழுக்க அவள் கறுவிக்கொண்டிருந்தது, எலுமிச்சை பிழிந்த ஒரு துண்டுக் கறியின் மேல்.

அவர் சிரிக்கவில்லை. "நீங்க ஏன் சலுட்ஸோ வரைக்கும் வந்தீங்க?" என்று கேட்டார். "ஃபிர்மினோ கடை உங்க தெரு முனையில இருக்கு."

அவளுக்குப் பொய் ஒன்றும் கிடைக்கவில்லை. "அவரும் எத்தனை பேருக்குன்னு கேப்பார்."

"கேக்கட்டுமே."

"வரிசைல எங்க நாத்தனார் நிப்பா."

லிவியோ தலையாட்டினார். கைத்துண்டை மடித்தார். மறுபடி பிரித்து ஒழுங்காக மடித்தார். "இல்லாத ஒருத்திய நான் இருக்கான்னு சொன்னேன், மரிலேனா. சரி, பைத்தியக்காரத்தனம்தான். நீங்க இருக்கற ஒருத்தன இல்லைன்னு சொல்றீங்க" என்றார். குரல் உயரவில்லை. எழுந்து நின்றார். "கறி ரொம்ப நல்லா இருந்தது. எந்த வழியா போகட்டும், முன்னாலயா பின்னாலயா?"

கிண்டலுக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே வழி கேட்டார். பின்னால் என்று சொன்னால் அவர் போய்விடுவார், திருகு தளர்ந்தது என்று இனி வரமாட்டார். அது மரிலேனாவுக்கு நன்றாகத் தெரிந்தது. ஒரு கணம் பயமாக இருந்தது. பயந்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

அவள் ஜன்னலைத் திறந்து முற்றத்தைப் பார்த்துக் கத்தினாள். "இர்மா! மேல வா. சாப்பாடு இருக்கு."

வானொலி நிற்கவில்லை, ஆனால் கதவு திறந்தது. இர்மா ஏறி வந்தாள். பூசைக்குப் போட்ட நீல உடுப்பு, காலில் மட்டும் வீட்டுச் செருப்பு. வாசலில் நின்றாள். நின்றுகொண்டிருந்த ஆளைப் பார்த்தாள். அவர் எழுந்த நாற்காலியைப் பார்த்தாள். அது ரென்ஸோவின் நாற்காலி.

"இவர் லிவியோ" என்றாள் மரிலேனா. "சலுட்ஸோவுல சர்வேயர். எட்டு மாசமா பழக்கம். நான்தான் சாப்பிடக் கூப்பிட்டேன்."

இர்மா கதவைச் சாத்தினாள். மேசைக்கு வந்தாள். மரிலேனாவின் கரண்டியையே எடுத்து, தட்டிலிருந்து ஒரு துண்டைச் சுருட்டி வாயில் போட்டாள். நிதானமாக மென்றாள். லிவியோ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பரீட்சை முடிவுக்கு நிற்பவரைப் போல நின்றார்.

"இது ஃபிர்மினோ கறி இல்ல" என்றாள் இர்மா.

"இல்ல."

"சூப்பாம், சூப்பு!" என்றாள் இர்மா. "எங்கம்மா ஃபிர்மினோவோட அப்பன்கிட்ட வாங்கினா. நான் அவன்கிட்ட வாங்கறேன். இந்த வீட்டுக்குள்ள வேற கறி நுழைஞ்சதே கெடையாது. எங்கருந்து?"

"சலுட்ஸோ."

"அடிப்பாவி. எதுக்கு?"

"ரெண்டு பேருக்குன்னு எப்படிச் சொல்றது? வரிசைல நீ நிப்பே."

இர்மா கரண்டியை வைத்தாள்.

"அந்த வரிசைல நின்னு நாப்பது வருஷமா ஒருத்தருக்கு, ஒருத்தருக்குன்னு நானும்தான் சொல்றேன்" என்றாள். "ஒரு சனிக்கிழமையாவது நீ திரும்பிப் பாத்தியா?"

மரிலேனா திரும்பிப் பார்த்ததே இல்லை. ரென்ஸோ இருந்த காலத்தில் மேலே இரண்டு பேருக்கு, கீழே ஒருவருக்கு. அவன் போன பிறகு மேலே ஒருவருக்கு, கீழே ஒருவருக்கு. ஒரே வரிசையில் முன்னும் பின்னுமாக நின்று, ஒரே கறியிலிருந்து ஒவ்வொரு துண்டு வெட்டி வாங்கிக்கொண்டு, ஒரே படிக்கட்டில் பிரிந்து போயிருக்கிறார்கள். கூப்பிட்டிருக்கலாம். அவளுக்குத் தோன்றவே இல்லை. இர்மாவைப் பார்த்துப் பயப்படத்தான் நேரம் இருந்தது. அவள் இர்மாவின் கையைப் பிடித்தாள். இர்மா அதை உதறிவிடவில்லை, அவ்வளவுதான்.

"என்ன, மரம் மாதிரி நிக்கறீங்க? உக்காருங்க, சர்வேயர்" என்றாள் இர்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இல்ல, அதுலயேதான். வேற நாற்காலி எங்க இருக்கு? எனக்கு அந்த ஸ்டூல எடுத்துப் போடு, மரிலேனா."

லிவியோ உட்கார்ந்தார். மரிலேனா ஸ்டூலும் தட்டும் கொண்டுவந்தாள். நோர்மா இரண்டு பேருக்கென்று வெட்டியதை மூன்றாகப் பிரித்தாள். ஆளுக்கு நான்கைந்து துண்டுகள்தான் தேறின. இர்மா தன் பங்கைக் கரண்டியால் புரட்டிப் பார்த்தாள்.

"இது எந்த ஊரு கணக்கு?" என்றாள். "வர்ற சனிக்கிழமை ஃபிர்மினோகிட்ட நான் போறேன். மூணு பேருக்குன்னு நான் சொல்றேன். எவ திரும்பிப் பாக்கறான்னு பாக்கலாம்."